துக்க வீட்டுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

“நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிரணும்” என்று எங்கள் ஆச்சி சொல்வாள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். சாவுக்குச் சேதி காதில் விழுந்தால் போதும், அழைப்பு வேண்டியதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் போன இடத்தில் என்ன செய்வது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. சின்ன வயதில் அப்பா அம்மா பின்னால் போய் நின்று, பார்த்துப் பார்த்துப் பழக வேண்டிய விஷயம் அது. படிப்பு, ஹாஸ்டல், வேலை என்று ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடைக்காமல் போகிறது. திடீரென்று ஒரு நாள், கூட வேலை பார்ப்பவரின் அப்பா தவறிவிட்டார் என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சேதி வருகிறது. போக வேண்டும் என்று மனசு சொல்கிறது, கால் தயங்குகிறது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் வேலையில் சேர்ந்த புதிது. நண்பனின் அம்மா இறந்துவிட்டார். தெருமுனை வரை போய்விட்டேன். ஷாமியானா தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் தெரிந்தார்கள், உள்ளேயிருந்து பெண்களின் அழுகைச் சத்தம் வந்தது. போய் யாரைப் பார்ப்பது, என்ன சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. டீக்கடை ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். அவன் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பல வருடம் கழித்து என் அப்பா போனபோது, அந்த வாசலின் மறுபக்கத்தில் நான் நின்றேன். வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பது அநேகமாக நினைவில் இல்லை. யார் யார் வந்தார்கள் என்பது ஒருவர் விடாமல் நினைவிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்களுக்கு முறையும் சடங்கும் உண்டு, அவர்களுக்குச் சொல்லித்தர வீட்டுப் பெரியவர்கள் இருப்பார்கள். நான் சொல்வது சொந்தம் இல்லாதவர்களுக்கு: கூட வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரித் தோழி, வீட்டு ஓனர் என்று ‘தெரிந்தவர்’ வரிசையில் இருப்பவர்களுக்கு.

சேதி வந்ததும்

முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். யார் தவறியது, உடல் எங்கே இருக்கிறது, எப்போது எடுக்கிறார்கள். “எப்ப எடுக்குறாங்க?” என்றுதான் கேட்பார்கள், அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. ஆனால் அதைத் துக்கத்தில் இருப்பவரிடமே போன் போட்டுக் கேட்காதீர்கள். பொது நண்பர் யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள். நகரத்தில் குடியிருப்பவர்கள் பலர் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வாடகை வீட்டு வாசலுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புவதைவிட முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

இறந்தவரின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவராக இருப்பார், அவருடைய அம்மா பெயர் நமக்குத் தெரியாது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, பெயர், பிள்ளைகள் பெயர், எடுக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்தது வாட்ஸ்அப். குழுவில் ஒருவர் ‘ஆர்ஐபி’ என்று போட, அடுத்தடுத்து இருபது பேர் அதையே போடுவதைப் பார்க்கிறோம். அதைப் போட வேண்டாம். தனியாக, அவருக்கு மட்டும் இரண்டு வரி எழுதுங்கள். “அண்ணா, அப்பா விஷயம் இப்பத்தான் தெரிஞ்சது. ரொம்பக் கஷ்டமா இருக்கு. நான் கிளம்பி வர்றேன், நீங்க போன் எடுக்க வேண்டாம்.” இவ்வளவு போதும். ‘போன் எடுக்க வேண்டாம்’ என்பது முக்கியம். அன்றைக்கு அவர் கையில் இருக்கும் போன் நிமிடத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டிருக்கும்.

சொல்லும் வார்த்தையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘செத்துட்டார்’ என்பதை யாரும் நேரில் சொல்வதில்லை. தவறிட்டார், காலமானார், இறந்துட்டார் என்பவை எங்கேயும் பொருந்தும். கிறிஸ்தவ வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பார்கள், முஸ்லிம் வீட்டில் வஃபாத் ஆனார், மௌத் ஆகிட்டார் என்பார்கள், பகுத்தறிவு வழியில் இருப்பவர்கள் இயற்கை எய்தினார் என்று போடுவார்கள். அவர்கள் எந்த வார்த்தையைச் சொல்கிறார்களோ அதையே நாமும் சொன்னால் சரி. போகிற காரியத்துக்கும் ஊருக்கு ஊர் பெயர் வேறு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்கப் போவது, மதுரைப் பக்கம் கேதம் கேட்பது, பொதுவாகத் துக்கம் விசாரிப்பது.

கிளம்பும்போது

வெள்ளை அல்லது மங்கிய நிறத்தில் சாதாரண உடை. இருக்கிற சட்டையில் எளிமையானதைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று, இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை, ஜரிகைப் புடவை, கனத்த நகை தவிர்ப்பார்கள். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள்.

மாலை வாங்குவதாக இருந்தால் பூக்கடையில் ‘துக்கத்துக்கு’ என்று சொல்லிவிடுங்கள், அவர்களே பார்த்துக் கட்டித் தருவார்கள். ஆபீஸிலிருந்து பத்துப் பேர் போனால் பத்து மாலை வேண்டாம், எல்லோர் சார்பிலும் ஒன்று போதும். பல பிராமணக் குடும்பங்களில் உடலுக்கு மாலை சாத்தும் வழக்கம் இல்லை. முஸ்லிம் வீட்டுக்கு மாலை வேண்டவே வேண்டாம். கிறிஸ்தவ வீட்டுக்கு மலர் வளையம் கொண்டுபோகலாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நடுத்தரக் குடும்பத்துக்குக்கூட அன்றைக்குக் கையில் ரொக்கம் இருக்காது. ஐஸ் பெட்டி வாடகை, பந்தல், வண்டி, பூ, மேளம், மயானச் செலவு என்று எல்லாவற்றுக்கும் அந்தந்த நேரத்தில் எண்ணிக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடிந்தவர்கள் 500 ரூபாய்த் தாளாக இல்லாமல் 100, 50 என்று சில்லறையாகக் கொண்டுபோங்கள். துக்கத்தில் இருப்பவர் கையில் திணிக்காமல், அங்கே செலவைக் கவனித்துக்கொண்டிருக்கும் மச்சானையோ சித்தப்பாவையோ கேட்டுக் கொடுங்கள். கவரில் வைத்தால் வெறும் வெள்ளைக் கவர். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர் கல்யாண வீட்டுக்கு உரியது, அவசரத்தில் அதை எடுத்துப் போய்விடாதீர்கள்.

யார் போகாமல் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள், கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள், வீட்டில் கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரைத் துக்க வீடு எதிர்பார்க்காது. அவர்கள் ஒரு சேதி அனுப்பிவிட்டு, பின்னால் போய்ப் பார்க்கலாம்.

வாசலில்

உங்களை யாரும் ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் திகைப்பு. நம்மைத் தெரியாததால் இல்லை, துக்க வீட்டில் யாரையும் ‘வாங்க’ என்று வரவேற்கக் கூடாது என்பது வழக்கம். நீங்களும் ‘நல்லா இருக்கீங்களா’ என்று ஆரம்பிக்க வேண்டாம். வணக்கம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்த முகம் பார்த்தால் லேசாகத் தலையசையுங்கள்.

செருப்பை வாசலின் நடுவில் விடாமல் ஓரமாகத் தள்ளி விடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வழியாகத்தான் உடலைத் தூக்கி வருவார்கள். போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் ஆண்கள் வெளியே பந்தலிலும் பெண்கள் உள்ளேயும் இருப்பார்கள். எங்கள் தெற்குப் பக்கம் வீட்டு ஆண்கள் இரண்டு கையையும் நீட்டுவார்கள், வருகிறவர் அதைத் தன் கைகளால் தொட்டுவிட்டு நகர வேண்டும். பேச்சே கிடையாது. அந்தத் தொடுகையிலேயே விசாரிப்பு முடிந்துவிட்டது. எனக்கு இதைவிட நல்ல முறை இருப்பதாகத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று தவிப்பவனுக்கும், என்ன பதில் சொல்வது என்று தெரியாதவனுக்கும் நம் முன்னோர்கள் வழி பண்ணி வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் தீட்டு காரணமாகத் தொடுவதைத் தவிர்ப்பார்கள். முன்னால் போகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள்.

பெண்கள் உள்ளே போனால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். வயதானவர்கள் ஒப்பாரி சொல்லி அழுவார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அழுகை புதிதாகக் கிளம்பும். என் தங்கை முதல் முறை போனபோது, அழுகை வராமல் நிற்கிறோமே என்று கூசிப்போனதாகச் சொன்னாள். கூச வேண்டாம். அவர்கள் கட்டிக்கொண்டால் நீங்களும் தோளை அணைத்துக்கொள்ளுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டால் யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

உள்ளே

உடல் ஐஸ் பெட்டியில் இருக்கும், அல்லது நாற்காலியிலோ பெஞ்சிலோ சாய்த்து வைத்திருப்பார்கள். தலைமாட்டில் விளக்கு எரியும். மாலையைக் கால் பக்கமாக நின்று வையுங்கள். கை கூப்பி, ஒரு நிமிடம் அந்த முகத்தைப் பாருங்கள். பெரியவர் என்றால் காலைத் தொட்டுக் கும்பிடலாம். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து அடுத்தவருக்கு வழி விடுங்கள். படம் எடுக்கவே கூடாது. வீட்டார் கேட்டு ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார், அவர் வேலை அது.

குளிப்பாட்டுவது, கோடித்துணி போடுவது, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் என்று சடங்குகள் தொடங்கும்போது சொந்தக்காரர்கள் முறை வைத்து வருவார்கள். அப்போது பின்னால் தள்ளி நின்றுகொள்ளுங்கள். யாராவது கையில் அரிசியைக் கொடுத்துப் போடச் சொன்னால் போடலாம், மறுக்க வேண்டியதில்லை.

வயது முதிர்ந்து, பேரன் பேத்தி எடுத்துப் போனவர் என்றால் கல்யாணச் சாவு என்று மேளமும் வெடியும் தூள்பறக்கும். வெளியாள் நாம் அதைப் பார்த்து ‘இது கல்யாணச் சாவுதானே’ என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. தொண்ணூறு வயது அம்மாவாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அம்மாதான். அவர்களாகச் சொன்னால் தலையாட்டிக்கொள்ளுங்கள்.

என்ன சொல்வது

ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம். அது குறையே இல்லை. பேசத் தோன்றினால், இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். “போன தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப, அம்மா எனக்கு ரெண்டாவது தடவை அதிரசம் வச்சாங்க.” இந்த மாதிரி ஒரு வரி கிடைத்தால் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத அப்பாவை, தெரியாத அம்மாவை நாம் கொடுக்கிறோம்.

“எப்படி ஆச்சு?” என்று கேட்பது நம் ஊர் வழக்கம். சிலருக்கு அதைச் சொல்லச் சொல்ல பாரம் குறைகிறது. சிலருக்கு ஐம்பதாவது தடவை சொல்லும்போது உயிர் போகிறது. நான் கடைப்பிடிப்பது இதுதான்: வெளியே பந்தலில் இருக்கும் உறவினரிடம் கேட்டுக்கொள்வேன். மனைவியிடமோ பிள்ளைகளிடமோ கேட்க மாட்டேன். அவர்களாகத் தொடங்கினால் முடியும்வரை குறுக்கே பேசாமல் கேட்பேன்.

சொல்லக் கூடாதவற்றை, நான் வாங்கிக்கொண்ட இடத்திலிருந்தே சொல்கிறேன். “வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே” என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அடுத்த ஒரு வருடம் ராத்திரி தூக்கத்தில் வந்தது. “வயசாயிருச்சுல்ல, விடுங்க” என்றார் இன்னொருவர். “நீ அழக்கூடாது, நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்” என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள், நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, அழாமலேயே பதினாறு நாளை ஓட்டினேன். துக்கத்தில் இருப்பவரை அழ விடுங்கள். குழந்தையை இழந்தவர்களிடம் “இன்னொன்னு பெத்துக்கலாம்” என்பதும், “நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்” என்பதும் வேண்டாம்.

தற்கொலை நடந்த வீடு என்றால் காரணம் கேட்கவே கூடாது. அங்கேயும் இல்லை, திரும்பி வந்து ஆபீஸ் கேன்டீனிலும் இல்லை. மற்ற வீடுகளுக்குப் போவது போலவே போங்கள், அதே மாலை, அதே மௌனம். அந்த வீட்டுக்குத்தான் ஆட்கள் குறைவாக வருவார்கள். பின்னால் அங்கே யாராவது உடைந்துபோய் இருப்பது தெரிந்தால், மனநல உதவிக்கு அரசு எண் 14416 இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம் என்று சொல்லி வையுங்கள்.

விபத்து என்றால் உடல் அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை முடிந்துதான் வரும். வீட்டில் இருப்பதைவிட மார்ச்சுவரி வாசலில் நிற்பவர்களுக்குத்தான் துணை அதிகம் தேவை. போலீஸ் காகிதத்துக்கும் டாக்டர் கையெழுத்துக்கும் நடந்துகொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பார்கள்.

கேட்காமல் செய்ய வேண்டியவை

“ஏதாவது வேணும்னா சொல்லு” என்று சொல்லிவிட்டு வருவோம். யாரும் சொல்ல மாட்டார்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கிற நிலையில் அவர்கள் இல்லை.

எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவர் இருந்தார். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்கிற பழக்கம் மட்டும்தான். அப்பா இறந்த அன்று காலை எட்டு மணிக்கு வந்தார். கையைத் தொட்டார். அப்புறம் மெதுவாக, “அப்பா ஆதார் எங்க இருக்கு?” என்று கேட்டார். பீரோவைக் காட்டினேன். எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் பத்து ஜெராக்ஸ் காப்பி போட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் ஒரிஜினலோடு சேர்த்து வைத்து, அதை மாமாவிடம் கொடுத்தார். மயானத்தில் ஒன்று கேட்டார்கள். நகராட்சியில் ஒன்று, பேங்கில் இரண்டு, வாரிசுச் சான்றுக்கு ஒன்று. ஆறு மாதம் அந்த ஃபைல்தான் ஓடியது. கடைசிக் காப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்படிச் செய்யக்கூடிய வேலைகள் நிறைய. உடலை எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பெரியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருக்கும், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு தண்ணீர் கேன், பேப்பர் கப், பிளாஸ்கில் டீ, பெரியவர்களுக்குக் கொஞ்சம் இட்லி. கொண்டுபோய் உள்ளே பொறுப்பாக இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சாப்பிட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அந்தப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொண்டே இருக்கும் போனை வாங்கி, வருகிறவர்களுக்கு வழி சொல்லுங்கள். சார்ஜர் எடுத்துப் போங்கள்.

வீட்டில் இயற்கையாக இறந்தவர் என்றால் டாக்டர் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் மயானத்தில் சிக்கல் வரும். தெரிந்த டாக்டர் இருந்தால் அழைத்து வர நீங்கள் போகலாம். மயானத்தில் கொடுக்கும் ரசீதை யாராவது பத்திரப்படுத்த வேண்டும், இறப்புச் சான்றுக்கு அதுதான் ஆதாரம். இறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிட்டால் கட்டணமும் இல்லை, அலைச்சலும் இல்லை. பதினாறு நாள் காரியம் முடிந்து நிமிரும்போது மிச்சம் ஐந்து நாள்தான் இருக்கும். இதைக் குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவர் காதில் போட்டு வைத்தாலே பெரிய உதவி.

எடுக்கும்போது

போனவர்கள் முடிந்தால் எடுக்கும்வரை இருங்கள். ஊர்வலத்தில் தெருமுனை வரையாவது நடங்கள், நெருங்கிய பழக்கம் என்றால் மயானம் வரை. பல ஊர்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். இப்போது நகரங்களில் மின்மயானத்துக்குப் பெண்களும் போகிறார்கள், மகளே கொள்ளி வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அப்படி நடந்தால் ‘பையன் இல்லையா’ என்று பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கேட்காதீர்கள். அந்தப் பெண் எத்தனை பேச்சைத் தாண்டி அங்கே நிற்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ சொல்லக் கூடாது. இந்த மாதிரிக் காரியத்துக்கு மறுபடி வருவேன் என்று அர்த்தமாகிவிடும். சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வருவதுதான் முறை, அதை யாரும் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகருங்கள். வழியில் வேறு வீட்டுக்குப் போகாமல் நேராக வீடு வந்து குளிப்பார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதைச் செய்துவிடுங்கள்.

அன்றைக்குப் போக முடியவில்லை என்றால் காரியத்துக்குள் ஒரு நாள் போகலாம். செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்க வருவதை விரும்பாத வீடுகள் உண்டு, மற்ற நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போனால் போதும், பழம், இனிப்பு வாங்க வேண்டாம்.

வேறு வழக்கமுள்ள வீடுகள்

முஸ்லிம் வீட்டில் அடக்கம் சீக்கிரம் நடந்துவிடும், பெரும்பாலும் அன்றைக்கே. காலையில் சேதி வந்தால் மாலையில் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை நின்றபடியே நடக்கும், முஸ்லிம் அல்லாதவர்கள் வெளியே அமைதியாக நின்றுகொள்ளலாம். மையவாடியில், அதாவது அடக்கம் செய்யும் இடத்தில், மூன்று பிடி மண் போடுவார்கள். அடுத்த சில நாள் அண்டை வீட்டாரும் உறவினரும் சாப்பாடு கொடுத்தனுப்புவார்கள், நீங்கள் பக்கத்து வீடு என்றால் முன்பே கேட்டுவிட்டுச் சைவச் சாப்பாடாக அனுப்பலாம். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் காத்திருப்புக் காலத்தில் இருப்பார். அந்தக் காலத்தில் வெளி ஆண்கள் அவரைப் பார்க்கப் போவதில்லை. ஆண் என்றால் மகனையோ சகோதரரையோ பார்த்து விசாரியுங்கள், பெண்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கிறிஸ்தவ வீட்டில் ஜெபமும் பாட்டும் நடந்துகொண்டிருக்கும். ஜெபம் நடக்கும்போது உள்ளே நுழையாமல் முடியும்வரை வாசலில் நில்லுங்கள். வீட்டிலிருந்து ஆலயம், அங்கிருந்து கல்லறைத் தோட்டம். ஆலயத்தில் எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கத்தோலிக்க நண்பர் என்றால் அந்த நாளில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் என்றால் செத்தவீடு என்று சொல்வார்கள், எட்டுச் செலவு என்னும் சடங்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்னும் காரியமும் அவர்களுக்கு முக்கியம். அந்தியேட்டிக்குச் சொன்னால் போய்விடுங்கள்.

பதினாறுக்கு அப்புறம்

எல்லோரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் தெரு அடைக்க ஆட்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தி. பதினேழாம் நாள் பந்தல்காரர் நாற்காலியை எடுத்துப் போகிறார், வெளியூர்ச் சொந்தம் பஸ் ஏறுகிறது. வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. அந்தப் பதினேழாம் நாளுக்குப் பிறகு போகிறவர்தான் உண்மையில் துக்கம் விசாரிக்கிறார் என்று நான் நம்புகிறேன். முதல் நாள் போக முடியவில்லை என்றால்கூட இதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு போன். “நாளைக்குப் பத்து மணிக்கு வண்டியோட வர்றேன், தாலுகா ஆபீஸ் போய்ட்டு வந்திரலாம்” என்று நாள் நேரத்தோடு சொல்லுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். இன்ஷூரன்ஸ், பேங்க், பி.எஃப்., ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றுக்கும் படிவம், கையெழுத்து, வரிசை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ‘காலஞ்சென்ற’ என்று அப்பா பெயருக்கு முன்னால் எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் கை நடுங்காது.

கணவரை இழந்த பெண்ணைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நெற்றியையும் கழுத்தையும் பார்க்காதீர்கள். பொட்டு வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் அது அவர் முடிவு. முன்பு எப்படிப் பேசினீர்களோ அப்படியே பேசுங்கள், அதே அக்கா, அதே மேடம். வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா என்று உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் அவருக்கும் முறையாகப் போய்ச் சொல்லுங்கள், முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று வீட்டில் யாராவது தயங்கினால், அந்தத் தயக்கத்தை நீங்கள் எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும்.

முதல் வருடம் பல இந்து வீடுகளில் பண்டிகை கொண்டாட மாட்டார்கள். எல்லோருக்கும் அனுப்பும் தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்துப் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை எடுத்துவிடுங்கள். பலகாரம் செய்யாத வீட்டுக்கு அக்கம்பக்கம் கொடுத்தனுப்புவது பழைய வழக்கம், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வராவிட்டால் மனதில் வைக்காதீர்கள். ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை, அப்புறம் முதல் வருடத் திதி. இந்த நாட்களில் அவர்கள் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்திருப்பார்கள். அன்று மாலை ஒரு போன் போடலாம்.

நேரத்தில் போகாமல் விட்டவர்கள், இனி எந்த முகத்தோடு போவது என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருந்தாலும் போகலாம். சாக்குச் சொல்ல வேண்டாம். “அப்பவே வந்திருக்கணும், வரலை” என்று சொன்னால் போதும். கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருப்பார்கள், சந்தன மாலை போட்டு, கீழே சின்ன பல்பு எரியும். அந்தப் படத்தைக் காட்டி, இது எங்கே எடுத்தது என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் போங்கள்.